தைப்பூச வாரத்துக் கவாத்து

அந்தக் காலை இன்னும் என் மூக்கில் இருக்கிறது. அப்போதுதான் தண்ணீர் பாய்ச்சிய செம்மண்ணின் ஈர வாசனை. தலைக்கு மேலே எங்கள் தலைவர் தோட்டத்துப் பந்தல் முழுக்கப் பச்சைப் பட்டாணி அளவுத் திராட்சைக் காய். கீழே வாடகை நாற்காலிகளில் எங்கள் திராட்சை விவசாயிகள் சங்கம், சலவைச் சட்டையும் திருநீறுமாக.

நடுவில் ஜெயசீலன். பாண்டிச்சேரிப் பக்கம் ஓர் ஆலையில் ஒயின் போடுகிறவர். எங்கள் பழத்தை அவர் எடுப்பாரா மாட்டாரா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். எடுத்தால் பந்தல் நிற்கும். எடுக்காவிட்டால் அந்த சீசனோடு கல்தூணைப் பிடுங்கிவிட்டு எல்லாரும் கரும்புக்கே திரும்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. 'ஒரே ஒரு சீசன் பொறுங்க' என்று கெஞ்சி அவகாசம் வாங்கியவர் எங்கள் தலைவர் கலாவதி அண்ணி.

அண்ணி எழுந்து நின்றார். குரல் கணீரென்று வந்தது.

"எங்க சங்கத்துல பதினோரு தோட்டம் சார். ஒருத்தர் பழம் முடியறப்பதான் அடுத்தவர் பழம் ஆரம்பிக்கும். ஒரே வாரத்துல ரெண்டு பேர் அறுக்க மாட்டாங்க. அப்படி ஒரு கட்டுப்பாடு."

ஜெயசீலன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதான்மா பிரச்சினை" என்றார்.

பின்வரிசையில் பிஸ்கட் தட்டோடு நின்றிருந்த நான் தட்டால் வாயை மறைத்துக்கொண்டேன். பயமா, சிரிப்பா என்றால் இரண்டும்தான். ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 'நீங்கள் விஷயத்துக்கு வருவதற்குள் என் பஸ் விருத்தாசலம் போய்ச் சேர்ந்துவிடுகிறது' என்று ஒரு வாசகர் குறைப்பட்டிருக்கிறார். இந்த வாரம் அவர் திருச்சி வரைக்கும் டிக்கெட் எடுத்துக்கொள்வது நல்லது.

கொடி இல்லாத செயலாளர்

எனக்குக் குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் உரக்கடை. ஒரு திராட்சைக் கொடிகூடக் கிடையாது. அதனால்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கொடி வைத்திருப்பவனைச் செயலாளராக்கினால் நல்லதெல்லாம் அவன் தோட்டத்துக்கே போய்விடும் என்று பயம். எங்கள் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருந்த நம்பிக்கை அவ்வளவு.

கலாவதி அண்ணி என் பெரியப்பா மகனின் மனைவி. முட்டை கலந்த கேக் என்றால்கூடத் தொடமாட்டார். மாதப் பூசம் தவறாமல் வடலூர் போகிறவர். அப்படிப்பட்டவர்தான் இந்தப் பக்கத்தில் பன்னீர் திராட்சையைக் கொண்டுவந்தவர், அதிலிருந்து ஒயின் போடலாம் என்று எங்களுக்குச் சொன்னவரும் அவர்தான். ஒரு சொட்டு அவர் நாக்கில் பட்டதில்லை. எல்லாம் மூக்கு வேலை.

முதல் சீசனில் பழத்தைக் கேட்பாரில்லை. கடலூர் ஓல்டு டவுனில் அண்ணியோடு படித்த லூர்து டீச்சர் இருக்கிறார். "வீணாப் போறத எங்கிட்ட குடேன்டி, கிறிஸ்துமஸுக்கு ஒயின் போட்டுக்கறேன்" என்று ஒரு கூடை வாங்கிக்கொண்டார். அண்ணி வேடிக்கை பார்க்கப் போனார். ஜாடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சலசலவென்று சத்தம். "என்னாடி, இது பேசுது?" என்றாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். அடுத்தடுத்த முறை போகும்போதெல்லாம் மூடியைத் திறந்து முகர்ந்து, இன்றைக்கு வடிகட்டலாம், இன்னும் நாலு நாள் போகட்டும் என்று டீச்சருக்கே சொல்ல ஆரம்பித்துவிட்டார். குடித்துப் பார்த்தவர்கள் அண்ணி சொன்ன நாள்தான் சரி என்றார்கள்.

டீச்சர் வீட்டில் அந்த ஒயினைக் குடித்துவிட்டு "இது யார் தோட்டத்துப் பழம்?" என்று கேட்டவர்தான் ஜெயசீலன்.

கோவிந்தன் வீட்டு வெடி

சட்டம் படித்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

எங்கள் துணைத் தலைவர் கோவிந்தன் எனக்கு மச்சான் முறை. அண்ணிக்குத் தெரிந்தது தனக்கும் தெரிய வேண்டும் என்று இருப்பவர். லூர்து டீச்சரிடம் பக்குவம் கேட்டுக்கொண்டு வந்து வீட்டிலேயே ஒரு ஜாடி போட்டார். மூடியை லேசாக வைக்கச் சொன்னால், வாசனை போய்விடுமென்று சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, சமையலறைப் பரணில் ஏற்றிவிட்டார்.

அந்த வாரம் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா கேசரியை வாயில் வைத்த நேரம், உள்ளே டமார்! சமையலறைச் சுவரெல்லாம் ஊதா. பரணிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. கோவிந்தன் வேர்த்து விறுவிறுத்து நிற்க, பெரியப்பா எழுந்து உள்ளே போய் மோந்து பார்த்துவிட்டு வந்தார்.

"சம்பந்தி, மிச்சம் ஏதாவது இருக்குங்களா?"

கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது. இந்தக் கதையை எழுதக் கூடாது என்று கோவிந்தன் என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். சத்தியத்தை எங்கள் சங்கத்தில் எப்படிக் காப்பாற்றுவோம் என்பதற்குத்தான் இப்போது வருகிறேன்.

பிள்ளையார் முன்னால் சீட்டு

திராட்சையில் எல்லாம் கவாத்துதான். கொடியை என்றைக்கு வெட்டிவிடுகிறோமோ, அதிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் பழம். எல்லாரும் ஒன்றாக வெட்டினால் எல்லார் பழமும் ஒன்றாக வந்து கடலூர் மார்க்கெட்டில் விலை படுத்துவிடும். முதல் சீசனில் அப்படித்தான் ஆயிற்று.

அதற்கு அண்ணி ஒரு முறை கொண்டுவந்தார். தை பிறந்ததும் கடைத்தெருப் பிள்ளையார் முன்னால் கற்பூரம் ஏற்றிச் சீட்டுக் குலுக்கிப் போடுவது. மாசி ஆரம்பத்திலிருந்து சித்திரை பாதி வரைக்கும் ஆளுக்கு ஒரு வாரம். சீட்டில் வந்த வாரத்துக்கு முன்னால் கொடியில் கத்தரி படக் கூடாது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எல்லாரும் சத்தியம் செய்தார்கள். அண்ணி மட்டும் சீட்டு எடுக்கவில்லை. "கடைசி வாரம் எனக்கு இருக்கட்டும். நீங்கள்லாம் முதல்ல வித்துக்குங்க" என்றார்.

ஆனால் மார்க்கெட்டுக்கு முதலில் போகிற பழத்துக்குக் கிராக்கி ஜாஸ்தி. அது எல்லாருக்கும் தெரியும்.

கவாத்து முடிந்த கையோடு கொடியின் ஒவ்வொரு கணுவிலும் ஒரு மருந்து தடவ வேண்டும். அப்போதுதான் மொட்டு ஒரே சீராக வெடிக்கும். அந்த மருந்து வேறு எதற்கும் உதவாது. இந்தப் பக்கத்தில் அது என் கடையில் மட்டும்தான் கிடைக்கும்.

தைப்பூசத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கோவிந்தன் வந்தார்.

"மச்சான், அந்த மருந்து ஒரு பாட்டில் குடு. நமக்கில்ல, கம்மாபுரத்துல ஒரு ஃபிரண்டு கேட்டான்."

"கம்மாபுரத்துல திராட்சை ஏது மச்சான்?"

"வைக்கப் போறானாம். நீ குடுய்யா. இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

அவர் போன சூடு ஆறுவதற்குள் அஞ்சலை வந்தார். எங்கள் சங்கத்தில் அண்ணிக்கு அடுத்த பெண் உறுப்பினர். தன் அத்தைக்கு மூட்டுவலிக்குத் தடவ வேண்டும் என்று அந்த மருந்தைக் கேட்டார். தடவினால் தோல் உரிந்துவிடுமே என்று பதறினேன். "பரவாயில்ல, எங்க அத்தைதான" என்றார். குலுக்கலில் முதல் சீட்டு வந்தவரே அஞ்சலைதான். அவர் யாரை முந்தப் பார்த்தார் என்று இன்றுவரை அவருக்கே தெரியாது.

இப்படிப் பத்துப் பேர். ஒவ்வொருவரும் ஒரு கதையோடு. ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் திருடன் என்ற நினைப்போடு. ஒருவர் வாங்கியதை இன்னொருவரிடம் சொல்கிற பழக்கம் என் கடையில் இல்லை. தவிர, எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.

வடலூர் போகாத கூட்டம்

எல்லாரும் தைப்பூச வாரத்தைப் பிடித்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாட்களில் ஊர் காலியாகிவிடும். ஜோதி பார்க்க வடலூரில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். 'எல்லாரும் வடலூர் போயிருப்பார்கள், நாம் வீட்டு ஆட்களை மட்டும் வைத்துக்கொண்டு காதும் காதும் வைத்தாற்போல் வெட்டிவிடலாம்' என்று கோவிந்தன் நினைத்தார். அஞ்சலையும் நினைத்தார். பத்துப் பேரும் நினைத்தார்கள். பத்துத் தோட்டத்திலும் படலைச் சாத்திக்கொண்டு அன்றைக்குக் கத்தரிச் சத்தம்.

நிஜமாகவே வடலூர் போனவர் அண்ணி ஒருவர். மூன்று நாள் அங்கே பந்தியில் சாதம் பரிமாறினார்.

அடுத்த வாரம் கடை வாசலில் கோவிந்தனும் அஞ்சலையும் பேசிக்கொண்டதை நான் காது குளிரக் கேட்டேன்.

"அண்ணே, ஜோதி பாத்தீங்களா? உங்கள அங்க கூட்டத்துல பாத்தேனே."

"பாத்தேம்மா. நானும் உன்னப் பாத்தேன். கூப்பிட்டேன், உனக்குக் கேக்கல."

இதைக் கேட்டு மூட்டையின் பின்னால் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பில் விக்கல் வந்துவிட்டது.

தை முடிவதற்குள் அண்ணி சிதம்பரம் போய்விட்டார். மகளுக்குப் பிரசவம், அதற்குப்பின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அங்கிருந்தே ஒவ்வொருவருக்கும் போன் செய்வார். "சீட்டு வாரம் வந்துருச்சே, கவாத்து பண்ணியாச்சா?" இவர்களும் கொடியில் சரம் சரமாகக் காய் தொங்கும்போதே, "இன்னிக்குத்தான்க்கா கத்தரியைக் கையில எடுத்தேன்" என்பார்கள். அண்ணி தோட்டத்தைக் கவனித்துக்கொண்டது என் அண்ணன். சித்திரை பாதி வரைக்கும் ஒரு இலையைக்கூட அவர் தொடவில்லை. அண்ணி பேச்சை மீறுகிற தைரியம் அவருக்கு எப்போது இருந்தது?

அந்த மாதங்களில் சங்கத்தில் யாரும் யார் தோட்டத்துக்கும் போகவில்லை. நாம் போனால் அவர் திரும்ப வருவாரே என்ற பயம். முன்னெல்லாம் வெங்காயம் தக்காளி வரைக்கும் கொடுத்து வாங்கியவர்கள், வழியில் பார்த்தால் வண்டியை முறுக்கினார்கள்.

வைகாசியில் பழம் கறுக்க ஆரம்பித்ததும் மறுபடி என் கடைக்கு வந்தார்கள். இந்த முறை குருவி வலை கேட்டு; பழுத்தால்தான் குருவி கொத்த வரும்.

வலை

இப்போது அந்தக் காலைக்கு வருவோம். அண்ணி சிதம்பரத்திலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. மற்ற தோட்டம் எதையும் இன்னும் பார்க்கவில்லை.

"என்னா சார் பிரச்சினை?" என்றார் அண்ணி.

"ஒயினுக்குக் கொஞ்சம் கொஞ்சமா பழம் வந்தா ஆகாதும்மா. என் டேங்க் ஒரே மூச்சுல நிறையணும். எல்லாம் ஒரே பக்குவத்துல இருக்கணும். டேங்க் இப்ப காலி. இந்த வாரம் பழம் இருந்தா வருஷா வருஷம் உங்ககிட்டயே எடுத்துக்கறேன். இல்லன்னா வேற ஊருக்குச் சொல்லிடுவேன்."

அண்ணியின் முகம் சுருங்கிவிட்டது. "முதல் சீட்டுப் பழமே ஆனியிலதான் சார் வரும்."

"யாராவது ஒரு நாலஞ்சு பேர் முன்னாடி கவாத்து பண்ணியிருக்க மாட்டாங்களா?"

"எங்க ஆளுங்க அப்படிப் பண்ண மாட்டாங்க" என்றார் அண்ணி. நாங்கள் தோற்றுக்கொண்டிருக்கிற அந்த நேரத்திலும் அதைச் சொல்லும்போது அவருக்குப் பெருமை. "கற்பூரத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணவங்க சார்."

நான் கோவிந்தனைப் பார்த்தேன். அவர் செருப்பைப் பார்த்தார். அஞ்சலை பந்தலைப் பார்த்தார். ஒவ்வொருவர் மனதிலும் ஓடியது எனக்குத் தெரியும். 'என் ஒரு தோட்டத்துப் பழத்தால் டேங்க் நிறையப் போவதில்லை. மானம் மட்டும் போகும். வாயை மூடிக்கொண்டு இருப்போம்.' பத்துப் பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஜெயசீலன் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பந்தல் போயிற்று என்று அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

"கோவிந்தன் மச்சான்" என்றேன் சத்தமாக. "போன வாரம் குருவி வலை வாங்கிட்டுப் போனீங்களே, பத்துச்சா?"

கோவிந்தன் என்னைப் பார்த்த பார்வையில் பிஸ்கட் கருகியிருக்கும்.

ஜெயசீலன் திரும்பினார். "வலையா? காய்க்குக் குருவி வராதே."

கோவிந்தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"மச்சான், கேக்குறாரில்ல" என்றேன்.

"அது வந்து..." கோவிந்தன் எழுந்தார். "அக்கா, மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் முந்திட்டேன். நான் ஒருத்தன்தான். மத்தவங்கள்லாம் யோக்கியமானவங்க."

"யோவ்" என்று அஞ்சலை துள்ளி எழுந்தார். "நீயுமா? வடலூர்ல உன்னப் பாத்தேன்னு நான் பொய்தான்யா சொன்னேன்!"

"நீ எங்க இருந்த?"

"தோட்டத்துல!"

அதற்குப்பிறகு மடை உடைந்த மாதிரிதான். நானும்தான், நானும்தான் என்று ஒவ்வொரு நாற்காலியாக எழுந்தது. தன் குற்றத்தைச் சொன்ன வெட்கத்தைவிட, அடுத்தவன் செய்ததைக் கேட்ட ஆத்திரம்தான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. "சாமி முன்னாடி பண்ண சத்தியத்த மீறியிருக்கியே, நீ உருப்படுவியாடா?" என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள்.

ஜெயசீலன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். பத்துத் தோட்டம், ஒரே வாரத்துக் கவாத்து. "அம்மா, டேங்க் நிறைஞ்சிடும்மா!" என்றார்.

அண்ணி சிரிக்கவில்லை. மெதுவாக எழுந்து எல்லாரையும் ஒரு முறை பார்த்தார்.

"பந்தியில சோறு போட்டுக்கினே உங்க ஒவ்வொருத்தர் பேரையும் சொல்லி வேண்டிக்கிட்டேன். நான் ஒருத்திதான் கேணச்சியா?"

ஆவணியில் போன பழம்

அந்த வாரமே பத்துத் தோட்டத்துப் பழமும் பாண்டிச்சேரி போயிற்று. பந்தல் பிழைத்தது. ஒவ்வொரு தோட்டத்திலும் அறுப்பின்போது அண்ணி கூடவே நின்று, அழுகல் பார்த்து, கூடை அடுக்கி அனுப்பினார். யாரிடமும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. அவர் தோட்டத்துக் காய் மட்டும் அப்படியே பச்சையாகத் தொங்கியது. அது பழுத்தபோது ஆவணி. டேங்கில் இடமில்லை. சிதம்பரம் கீழ வீதித் தள்ளுவண்டிக்காரர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

முதல் ஒயின் வந்த அன்றைக்கு ஜெயசீலன் ஒரு பாட்டிலை அண்ணி கையில் கொடுத்தார். அண்ணி மூடியைத் திறந்து, கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தார்.

"நல்லா வந்துருக்கு சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இதுல என் பழம் இல்ல தம்பி" என்றார். இந்தப் பக்கத்துக்குக் கொடியைக் கொண்டுவந்தவரே அவர்தானே.

மறு தை பிறந்தது. கூட்டத்தில் கோவிந்தன் எழுந்து, இனிமேல் சீட்டே வேண்டாம், ஆலைக்கு ஏற்ற மாதிரி தைப்பூச வாரத்தில் எல்லாரும் சேர்ந்து வெட்டுவோம் என்றார். ஏகமனதாகத் தீர்மானம். எப்படி ஏகமனதாக என்று என் கடைக்குள் அண்ணியிடம் நான் மெச்சிக்கொண்டிருந்த அன்றைக்குச் சாயங்காலமே கோவிந்தன் மருந்துக்கு வந்தார், பூசத்துக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது. அஞ்சலை ஆளை விட்டு விசாரித்தார், மாசியில் வாங்கினால் மருந்து புதிதாக இருக்குமா என்று. ஒருவர் முந்தலாமா என்று பார்த்தார், இன்னொருவர் எல்லார் பழமும் விற்று ஓய்ந்தபின் தனியாக வரலாமா என்று பார்த்தார்.

இதை நான் சொல்லவில்லை. அண்ணியே கடைக்குள் மூட்டைகளின் பின்னால் உட்கார்ந்து கண்ணால் பார்த்தார். மறுநாளே கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

"ஆலையில சின்னச் சின்ன டேங்க்கா வாங்கிட்டாங்களாம். கொஞ்சம் கொஞ்சமா வந்தாலும் எடுத்துக்குவாங்களாம். அதனால போன வருஷம் மாதிரியே சீட்டுப் போட்டுடலாம்" என்றார். அண்ணி வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய் அது. பிள்ளையார் முன்னால், கற்பூரம் எரியும்போதே சொன்னார்.

கடைசி வாரத்தை மறுபடி அண்ணி தனக்கு வைத்துக்கொள்ள, மற்ற எல்லாரும் பயபக்தியோடு சீட்டு எடுத்தார்கள். கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் நான் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, ஜெயசீலனுக்கு எல்லாம் ஒரே வாரத்துல வேணுமே?"

"ஒரே வாரம்னு சொன்னா ஆளுக்கொரு நாளா சிதறிப்போவாங்க தம்பி. ஆளுக்கொரு நாள்னு சொன்னாத்தான் ஒரே வாரத்துல வருவாங்க" என்றார். "தைப்பூசத்துக்கு நான் வடலூர் போறேன்னு கடைத்தெரு பூரா சொல்லிடுங்க. பந்திக்கு வேற ஆள் ஏற்பாடு பண்ணிட்டேன்."

போன வைகாசியில் பாண்டிச்சேரி லாரி வந்தது. முதலில் அண்ணி தோட்ட வாசலில்தான் நின்றது. கறுகறுவென்று பழுத்த கொத்துகள், கூடை கூடையாக. கடைசி வாரக்காரர் தோட்டத்தில் முதல் பழம். தன் கூடைகளை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்த கோவிந்தன் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, என்னாக்கா இது? சாமி முன்னாடி சீட்டுப் போட வெச்சுட்டு நீங்களே இப்படிப் பண்ணா? தலைவர்னு உங்கள நம்பினோமே" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பேசிக்கினே நிக்காத" என்றார் அண்ணி. "அந்தப் பக்கம் கூடையப் பிடி, ஏத்தணும்."

கோவிந்தன் பிடித்தார்.